355 கி.மீ. = எத்தனை மணி நேரம்?

கூகுளாண்டவரைக் கேக்காம ஒரு கேள்விக்குப் பதில் சொல்லுங்க பார்ப்போம். சென்னை விமான நிலையத்துல இருந்து ஸ்கேல் வச்சு நேர்கோடு போட்டா எந்த ஊர் பக்கம்? மதுரையா, கோயமுத்தூரா, யாழ்ப்பாணமா?

ஆபீஸ்ல ஆணி கம்மியா இருக்குற நாள்ல இதைக் கேட்டுப் பாருங்க. கோயமுத்தூர்னு சொல்றவங்க இருக்காங்க, மதுரைன்னு சொல்றவங்க இருக்காங்க. யாழ்ப்பாணம்னு சொன்னவங்களை நான் இன்னும் பார்க்கல. "அது வேற நாடாச்சே, கடல் தாண்டணுமே"ன்னு ஒரு பார்வைதான் வரும்.

விடை இதுதான் மக்களே. சென்னை - கோவை சுமார் 403 கி.மீ. சென்னை - மதுரை சுமார் 417 கி.மீ. சென்னை - யாழ்ப்பாணம் (அதாவது பலாலி விமான நிலையம்) சுமார் 355 கி.மீ. எல்லாமே விமான நிலையத்துக்கு விமான நிலையம், காக்கா பறக்குற கணக்கு.

நம்பாதவங்க பேப்பர் பேனா எடுங்க. பொட்டி தட்டுறவங்க 'ஹேவர்சைன்'னு ஒரு ஃபார்முலாவை நாலு வரி புரோகிராமா எழுதிப் போட்டுக்குவாங்க. ரெண்டு ஊரோட அட்சரேகை தீர்க்கரேகை குடுத்தா, உருண்டையான பூமி மேல குறைஞ்ச தூரம் எவ்வளவுன்னு சொல்லிடும். ஆனா சென்னை - யாழ்ப்பாணத்துக்கு அந்த வேலையே வேண்டாம். சென்னை விமான நிலையம் தீர்க்கரேகை 80.2 டிகிரி. பலாலி 80.1 டிகிரி. அதாவது யாழ்ப்பாணம் சென்னைக்கு நேர் தெற்கு. அட்சரேகை மட்டும் கழிச்சாப் போதும். சென்னை 13 டிகிரி கிட்ட, பலாலி 9.8 டிகிரி. வித்தியாசம் 3.2. ஒரு டிகிரிக்கு 111 கி.மீ. பெருக்கினா 355. முடிஞ்சது.

அந்த 111 எங்க இருந்து வந்துச்சுன்னு கேக்குறவங்களுக்கு: பூமியைச் சுத்தி 40,000 கி.மீ., அதை 360-ஆல வகுத்தா 111. அதென்ன இவ்வளவு ரவுண்டா 40,000? பூமி ஒண்ணும் நமக்காக ரவுண்டா அமையல. 1790-கள்ல பிரெஞ்சுக்காரங்க மீட்டரை உருவாக்குனப்பவே, வடதுருவத்துல இருந்து பூமத்திய ரேகை வரைக்கும் உள்ள தூரத்துல ஒரு கோடியில ஒரு பங்குதான் ஒரு மீட்டர்னு வச்சாங்க. அப்படின்னா கால் வட்டம் 10,000 கி.மீ., முழு வட்டம் 40,000. நம்ம வீட்டு அளவுநாடாவுக்குள்ள பூமி ஒளிஞ்சிருக்கு :-)

சரி, இந்தக் கணக்கு எனக்கு எதுக்கு? ஆணி புடுங்குனது போக மிச்ச நேரத்துல ஊர் ஊரா தூரம் அளக்குறதுக்கு ஒரு காரணம் வேணும்ல. எனக்கு மதுரை. எங்க ரங்கமணிக்கு யாழ்ப்பாணம், சுன்னாகம் பக்கம். 2006-ல ஏ9 பாதையை மூடினதுக்கு அப்புறம், சின்னப் பையனா அவங்க அம்மா கையைப் பிடிச்சுக்கிட்டு சென்னைக்கு வந்தவர். அப்போ அவங்க வந்த வழி: யாழ்ப்பாணத்துல இருந்து கப்பல்ல திருகோணமலை, அங்க இருந்து கொழும்பு, கொழும்புல இருந்து விமானத்துல சென்னை. காத்துக் கிடந்ததை எல்லாம் சேர்த்தா ஒரு வாரத்துக்கு மேல ஆச்சாம். அம்மம்மா மட்டும் "நான் இஞ்சை இருந்து அரக்கமாட்டன்"னு அங்கயே இருந்துட்டாங்க.

2021-ல எங்க வீட்டுல கல்யாணப் பேச்சை எடுத்தப்ப, ஜாதகம் சாதி எல்லாத்தையும் தாண்டி எங்கப்பாவுக்குக் கடைசியா ஒரு தடை இருந்துச்சு. தூரம். "மாப்பிள்ளை சென்னையில இருக்கட்டும் பாப்பா. ஆனா அவங்க சொந்தபந்தம் பூராம் அங்கிட்டுல்ல இருக்கு? ஒரு நல்லது கெட்டதுன்னா கடல் தாண்டி எப்படிப் போவ?"

உடனே நான் இஞ்சினியர் புத்தியில லேப்டாப்பை விரிச்சு மேல சொன்ன கணக்கைப் போட்டுக் காட்டுனேன். "அப்பா, சென்னையில இருந்து பார்த்தா நம்ம ஊரை விட அவங்க ஊரு 60 கிலோமீட்டர் பக்கம்ப்பா!"

அப்பா கண்ணாடியைப் போட்டுக்கிட்டு ரெண்டு நிமிஷம் அந்த நம்பரைப் பார்த்தார். அரசுப் போக்குவரத்துக் கழகத்துல டைம்கீப்பரா இருந்து ரிடையர் ஆனவர். அவர் கேட்டது ஒரே கேள்வி: "சரி, வண்டி எத்தனை மணிக்கு?"

அந்தக் கேள்விதான் இந்தப் பதிவே. தூரம் தெரிஞ்சா நேரம் தெரிஞ்ச மாதிரின்னு நாம நினைச்சுக்குறோம். பத்தாம் வகுப்புல படிச்ச தூரம் = வேகம் x நேரம் நம்மளை அப்படிப் பழக்கி வச்சிருக்கு. விமான விசயத்துல அந்த ஃபார்முலா பாதிதான் வேலை செய்யும்.

முதல்ல டெக்னிகல் பாதியைப் பார்ப்போம். சென்னை - யாழ்ப்பாணம் நேரடி விமானத்துக்கு அட்டவணையில ஒண்ணேகால் மணி நேரம் சொச்சம் போட்டிருப்பாங்க. ஓடுறது ஏடிஆர்-72, ரெண்டு பக்கமும் காத்தாடி வச்ச 70 சீட்டுக்காரர். மேல ஏறி நிதானமாயிட்டா மணிக்கு 500 கி.மீ. கிட்ட போவார். 355-ஐ 500-ஆல வகுத்தா 43 நிமிஷம்தான் வருது. மிச்ச அரை மணி நேரம் எங்க போச்சு?

டிக்கெட்டுல இருக்குறது பறக்குற நேரம் கிடையாது. அதுக்குப் பேரு பிளாக் டைம். விமானம் நின்ன இடத்துல இருந்து நகர ஆரம்பிக்கிற நொடியில தொடங்கி, போற ஊர்ல போய் நின்னு பிரேக் போடுற வரைக்கும். சென்னையில ஓடுபாதைக்கு உருண்டு போகணும், முன்னால நிக்கிற நாலு விமானம் கிளம்புற வரைக்கும் வரிசையில நிக்கணும், அப்புறம் மெதுவா மேல ஏறணும், ஏறின கொஞ்ச நேரத்துலயே இறங்க ஆரம்பிக்கணும், காத்து எந்தப் பக்கம் அடிக்குதோ அதுக்குத் தக்கன சுத்தி வந்து இறங்கணும். லேட் ஆகலாம்னு கம்பெனிக்காரங்க முன்கூட்டியே சேர்த்து வைக்கிற நிமிஷமும் இதுல உண்டு. இதெல்லாம் பக்கத்து ஊருக்குப் போனாலும் உண்டு, தூரத்து ஊருக்குப் போனாலும் உண்டு.

அதனாலதான் ஒரு வேடிக்கை. சென்னை - கொழும்பு (கட்டுநாயக்க) 645 கி.மீ. யாழ்ப்பாணத்தை மாதிரி கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு. ஆனா அங்க போறது ஜெட் விமானம், மணிக்கு 800 கி.மீ. கிட்ட போகும். அதுக்கும் அட்டவணையில ஒண்ணேகால்ல இருந்து ஒன்றரை மணி நேரம்தான். பாதி தூரத்துக்கும் முழு தூரத்துக்கும் ஏறக்குறைய ஒரே நேரம். பலாலிக்கும் ஜெட் விடலாமேன்னா, அங்க இருக்குற ஓடுபாதைக்கு ஏடிஆர் மாதிரி சின்ன விமானம்தான் தோது. விட்டாலும் இவ்வளவு குறைஞ்ச தூரத்துல ஜெட்டுக்குப் பெருசா லாபம் கிடையாது. வேகம் எடுக்குறதுக்குள்ள ஊர் வந்துடும்.

கடிகாரக் குழப்பமும் இப்போ கிடையாது. ரெண்டு நாட்டுக்கும் ஒரே நேரம், கிரீன்விச்சுக்கு ஐந்தரை மணி நேரம் முன்னால. நடுவுல 1996-ல இருந்து 2006 வரைக்கும் இலங்கையில கடிகாரத்தை முன்னால தள்ளி வச்சிருந்தாங்க. முதல்ல ஒரு மணி நேரம், சில மாசத்துலயே அதை அரை மணி நேரமாக் குறைச்சாங்க. 2006 ஏப்ரல் புத்தாண்டு சமயத்துல பழையபடி நம்ம நேரத்துக்கே வந்துட்டாங்க.

இது வரைக்கும் இயற்பியல். இனிமே வர்ற பாதிக்கு எந்தப் புத்தகத்துலயும் ஃபார்முலா இல்ல.

பலாலி ஓடுபாதை ரெண்டாம் உலகப்போர்ல பிரிட்டிஷ் விமானப்படை போட்டது. போர் முடிஞ்ச கையோட, 1947 டிசம்பர் 10-ம் தேதி ஏர் சிலோன் தன்னோட முதல் பயணிகள் விமானத்தை விட்டுச்சு. எந்த வழின்னு நினைக்கிறீங்க? கொழும்பு இரத்மலானையில கிளம்பி, காங்கேசன்துறையில (இதே பலாலி ஓடுபாதைதான்) இறங்கி, அங்க இருந்து மெட்ராஸ். இலங்கைக்குச் சுதந்திரம் கிடைச்சதே அடுத்த வருசம் பிப்ரவரியில. அதாவது அந்த நாட்டுக்குச் சுதந்திரம் வர்றதுக்கு முன்னாடியே யாழ்ப்பாணத்துக்கும் மெட்ராசுக்கும் நேரடி விமானம் வந்துடுச்சு. ஓட்டுனது டக்கோட்டா, மணிக்கு 300 கி.மீ. சொச்சம் போற பழைய வண்டி.

அந்த டக்கோட்டாவுல போன ஒருத்தரை எனக்குத் தெரியும். அம்மம்மாதான்.

கல்யாணம் 2022 ஜனவரியில மதுரையில நடந்துச்சு. அம்மம்மாவால வர முடியல. வயசு 84. கொரோனாவால 2020 மார்ச்ல நின்ன யாழ்ப்பாண விமானம் அப்போ திரும்ப வரவே இல்ல. கொழும்பு வழியா வரணும்னா முதல்ல யாழ்ப்பாணத்துல இருந்து தெற்க 400 கி.மீ. ரோட்டுல போகணும், அப்புறம் விமானம் ஏறி வடக்க வரணும். எட்டு மணி நேரம் பஸ்ல உக்கார அவங்க இடுப்பு ஒத்துழைக்காது. அடுத்த மாசம் நாங்களே போனோம்.

திண்ணையில உக்காந்து பேசிக்கிட்டு இருந்தப்ப சொன்னாங்க. "நான் கலியாணம் முடிக்கேக்கை, 61ஆம் ஆண்டு பிள்ளை, மெட்ராசுக்குப் பிளேனிலதான் போய்க் கூறைச்சீலை எடுத்தனாங்கள். காலமை வெளிக்கிட்டு மத்தியானம் சாப்பாட்டுக்கு மெட்ராசிலை. அடுத்த நாள் பின்னேரம் வீட்டை வந்திட்டம்." சொல்லிட்டு என்னைப் பார்த்துக் கேட்டாங்க: "நீங்கள் எத்தினை மணித்தியாலம் வந்தனியள்?"

நான் பதினேழுன்னு சொன்னேன். அவங்க சிரிச்சாங்க. "எங்கடை காலத்திலை ஒண்டரை மணித்தியாலம். உங்கடை காலத்திலை பதினேழு. இதைத்தான் முன்னேற்றம் எண்டு சொல்லுறவை."

நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 355-ஐ 300-ஆல வகுத்து, ஏறி இறங்குறதைச் சேர்த்தா ஒன்றரை மணி நேரம் கரெக்டா வருது. அம்மம்மாவுக்கு ஞாபகம் பிசகல.

அவங்க காலத்துல விமானம் மட்டும் இல்ல. எழும்பூர்ல ரயில் ஏறுனா தனுஷ்கோடி வரைக்கும் போய், அங்க கப்பல் மாறி தலைமன்னார்ல இறங்கி, மறுபடி ரயில் ஏறி இலங்கைக்குள்ள போகலாம். 1914-ல பாம்பன் பாலம் வந்ததுல இருந்து ஓடுன போட் மெயில் வழி. 1964 டிசம்பர் புயல்ல தனுஷ்கோடி போச்சு. அதுக்கப்புறம் ராமேஸ்வரத்துல இருந்து கப்பல் ஓடுச்சு, எண்பதுகள்ல போர் ஆரம்பிச்சதும் அதுவும் நின்னுது. 1990-ல பலாலியைச் சுத்தி இருந்த ஊர்ச்சனம் எல்லாம் வீடு வாசலை விட்டுக் கிளம்ப வேண்டியதாப் போச்சு. ஓடுபாதையைச் சுத்தின காணி பூமி எல்லாம் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள்ள போயிடுச்சு. 2009-க்கு அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா விட்டாங்க, முழுசா இல்ல. இன்னைக்கும் நீங்க பலாலியில இறங்கும்போது உங்க சக்கரம் தொடுற இடத்துக்குப் பக்கத்துல யாரோ ஒருத்தரோட வெங்காயத் தோட்டம் இருந்திருக்கும்.

அப்புறம் 2019 அக்டோபர் 17-ல பலாலியை யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையம்னு திறந்தாங்க. நவம்பர்ல அலையன்ஸ் ஏர் சென்னையில இருந்து விமானம் விட ஆரம்பிச்சுது. 2020 பொங்கலுக்கு ரங்கமணி அதுலதான் போய் வந்தார். நாலே மாசம். மார்ச்ல கொரோனா வந்து நிறுத்திருச்சு.

இந்த எழுபத்தி சொச்ச வருசத்துல அந்த 355 கி.மீ. ஒரு இஞ்ச் கூட மாறல. நேரம் மட்டும் ஒன்றரை மணி, அப்புறம் ஒரு வாரம், அப்புறம் பதினேழு மணி, ஒண்ணேகால் மணி, மறுபடி பதினேழு மணின்னு மாறிக்கிட்டே இருந்துச்சு.

2022 நவம்பர் மாசம் நடுவுல ஒரு சாயங்காலம் ஏழு மணிக்கு போன் வந்துச்சு. அம்மம்மா போயிட்டாங்க.

அவங்க பக்கத்துல ஒரு வழக்கம். பேரப்பிள்ளைகள் நெய்ப்பந்தம் பிடிச்சு அனுப்பணும். ரங்கமணி தலைப்பேரன், அம்மம்மா வளர்த்த பிள்ளை. "நான் செத்தா நீ பந்தம் பிடிக்க வேணும்"னு சின்ன வயசுல இருந்து அவங்க விளையாட்டாச் சொல்லிக்கிட்டு இருந்த விசயம். "நாளைக்கு மத்தியானம்தான் எடுப்பம். மழைக்காலம், அதுக்கு மேல வைக்க ஏலாது"ன்னு மாமா சொன்னார். எங்க கையில பதினெட்டு மணி நேரம் இருந்துச்சு. ஒண்ணேகால் மணி நேரப் பயணத்துக்குப் பதினெட்டு மணி நேரம் அவகாசம்!

ராத்திரி கொழும்புக்கு சீட்டுக் கிடைக்கல. மறுநாள் காலைல பத்து மணி விமானம்தான் கிடைச்சுது. ஆறு மணிக்கு வீட்டுல இருந்து கிளம்பினோம். விமானம் ஏறுனதும் ஜன்னல் பக்கம் உக்காந்துக்கிட்டு அவர் ஒண்ணும் பேசல. வெளிய பூரா மேகம். எனக்கு மண்டைக்குள்ள கணக்கு ஓடிக்கிட்டு இருந்துச்சு, நிறுத்த முடியல. சென்னைக்கும் கட்டுநாயக்கவுக்கும் நேர்கோடு போட்டா அது எங்க வழியாப் போகும் தெரியுமா? சரியா யாழ்ப்பாணத்து மேல. கோட்டோட நடுப்பகுதியைக் கொஞ்சம் தாண்டினதும் யாழ்ப்பாணம்.

அதாவது பதினொரு மணி வாக்குல நாங்க சுன்னாகத்துக்கு மேலயோ பக்கத்துலயோ இருந்திருப்போம். அந்த நேரம் கீழ முத்தத்துல பந்தல் போட்டு, அம்மம்மாவைக் குளிப்பாட்டி, பறை அடிச்சுக்கிட்டு இருந்திருப்பாங்க. உயரம்னு பார்த்தா எங்களுக்கும் அவங்களுக்கும் நடுவுல பத்து கி.மீ. கூட இருக்காது.

இதை நான் அவர்கிட்ட சொல்லல. அவருக்கும் தெரிஞ்சிருக்கும்னு தோணுது. அவரும் பொட்டி தட்டுறவர்தானே.

பதினொன்னரைக்கு இறங்கி, வரிசையில நின்னு, முத்திரை குத்தி வெளிய வரும்போது மணி ஒண்ணு. அந்த வருசம் இலங்கையில பெட்ரோல் நிலைமை உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். க்யூஆர் கோடு காட்டி, அளந்து குடுக்குற பெட்ரோல்தான். யாழ்ப்பாணம் வரைக்கும் வேன் வர ஒருத்தரும் ஒத்துக்கல. நீர்கொழும்பு போய் பஸ் பிடிச்சோம். சிலாபம், புத்தளம், அனுராதபுரம், வவுனியான்னு மறுபடி வடக்க. காலைல மேல பறந்து தாண்டுன அதே தூரத்தை இப்போ ரோட்டுல திரும்பி வரணும்.

சிலாபம் தாண்டுறதுக்கு முன்னாடியே வீடியோ கால் வந்துச்சு. சித்தி பையன் பந்தம் பிடிச்சிருந்தான். பதினோரு வயசுப் பையன், கை நடுங்கிச்சு. மழை வேற தூறிக்கிட்டு இருந்துச்சு. சிக்னல் விட்டு விட்டு வந்துச்சு. ரங்கமணி போனை ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கிட்டு இருந்தார். தூக்கிக்கிட்டுப் படலையைத் தாண்டும்போது படம் அப்படியே நின்னு போச்சு. அப்புறம் சிக்னல் வரல. முன் சீட்டுல இருந்த சிங்கள அம்மா ஒருத்தங்க திரும்பிப் பார்த்துட்டு, ஒண்ணும் கேக்காம, தண்ணி பாட்டிலை எடுத்து நீட்டுனாங்க.

வீடு போய்ச் சேரும்போது ராத்திரி பதினொன்னு. வீட்டுக்கு மேல பறந்ததுல இருந்து வீட்டு வாசலை மிதிக்கிறதுக்குப் பன்னிரண்டு மணி நேரம்.

கதை இங்க முடிஞ்சிருந்தா இதை எழுதியிருக்க மாட்டேன். சரியா அதுக்கு அடுத்த மாசம், 2022 டிசம்பர் 12-ம் தேதி, சென்னை - யாழ்ப்பாணம் விமானம் திரும்ப வந்துச்சு. வாரத்துக்கு நாலு நாள். 31-ம் நாள் அந்தியேட்டிக்கு நாங்க அதுலதான் போனோம். யாழ்ப்பாணத்துல அந்தியேட்டி கீரிமலையில செய்வாங்க, கடலோரம் கேணி இருக்குற இடம். பலாலிக்குப் பக்கம்தான், கொஞ்ச தூரம். காலைல சென்னையில தோசை சாப்பிட்டுட்டுக் கிளம்புனவங்க, மத்தியானச் சாப்பாட்டுக்குச் சுன்னாகத்துல இலை முன்னால உக்காந்திருந்தோம். அறுபது வருசத்துக்கு முன்னாடி அம்மம்மா சொன்ன அதே கணக்கு, திசை மட்டும் மாத்தி.

விமானத்துல பாதிப் பேர் வயசானவங்க. எங்களுக்குப் பக்கத்து சீட்டு ஐயா ஒருத்தர், சென்னையில கண் ஆபரேஷன் முடிச்சுட்டுப் போறார். சக்கரம் தரையைத் தொட்டதும் வாட்சைப் பார்த்தார். "ஒரு மணித்தியாலமும் பத்து நிமிசமும்"னு சொன்னார். யார்கிட்ட சொன்னார்னு தெரியல. ரங்கமணியும் வாட்சைப் பார்த்தார். அதுக்கு அப்புறம்தான் அவர் அழுதார். நவம்பர்ல அந்தப் பஸ்ல வராத அழுகை.

கீரிமலைக் காரியத்துல மாமா கூடவே அவரும் உக்காந்து எல்லாம் செஞ்சார். பந்தம் பிடிக்காத குறை அதுல தீர்ந்துச்சான்னு நான் கேக்கல. கேக்குற விசயமும் இல்ல.

அதுக்கப்புறம் நிலைமை பரவாயில்ல. 2023 அக்டோபர்ல நாகப்பட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் கப்பல் விட்டாங்க, சில நாள்லயே நின்னுது, 2024 ஆகஸ்டுல மறுபடி ஆரம்பிச்சாங்க. கடல்ல 110 கி.மீ., நாலு மணி நேரம் கிட்ட. 2024 செப்டம்பர்ல இண்டிகோ சென்னையில இருந்து பலாலிக்கு ஆரம்பிச்சாங்க, 2025 மார்ச் கடைசியில திருச்சியில இருந்தும். திருச்சி - யாழ்ப்பாணம் நேர்கோட்டுல வெறும் 185 கி.மீ.! யாழ்ப்பாணத்துக்குக் கொழும்பை விடத் திருச்சி பக்கம்ங்கிறதையும் அப்படியே குறிச்சு வச்சுக்கங்க.

ஒரு வழி இருக்குறப்ப எல்லாருக்கும் அது சாதாரணமாத் தெரியும். அட்டவணையில ஒரு வரி, அவ்வளவுதான். அந்த வரியை யாரோ ஒரு நாள் எடுத்துட்டா, சீட்டு நிறையலன்னோ, சண்டைன்னோ, கிருமின்னோ காரணம் எதுவா இருந்தாலும், மேப்புல ஒண்ணும் மாறாது. பந்தம் பிடிக்க வேண்டிய பையன் மட்டும் பஸ்ல உக்காந்திருப்பான். எங்கப்பா முப்பது வருசம் டைம்கீப்பரா நின்னு கத்துக்கிட்டது இதுதான்னு நினைக்கிறேன். ஊர் எவ்வளவு தூரம்னு அவர் யாரையும் கேட்டதே இல்ல. வண்டி எத்தனை மணிக்குன்னுதான் கேப்பார்.

இப்போ நானும் அதையேதான் கேக்குறேன். வெளியூர் வெளிநாடுன்னு கிடக்குற நண்பர்கள் எல்லாரும் ஒரு தடவை உங்க கணக்கைப் போட்டுப் பாருங்க. உங்க வீட்டு வாசல்ல இருந்து ஊர்ல அம்மா அப்பா வீட்டு வாசல் வரைக்கும், விமான நேரம் மட்டும் இல்லாம, மொத்தம் எத்தனை மணி நேரம்? நேர்கோட்டுத் தூரம் எவ்வளவு? ரெண்டு நம்பரையும் பின்னூட்டத்துல போடுங்க. எது எதை ஜெயிக்குதுன்னு பார்ப்போம்.

பி.கு. 1: தூரம் எல்லாம் விமான நிலையத்தோட அட்சரேகை தீர்க்கரேகை வச்சு நான் போட்ட கணக்கு. நிஜ விமானம் நேர்கோட்டுல போகாது, வான்வழிப் பாதையில கொஞ்சம் வளைஞ்சு போகும். ரெண்டு மூணு கி.மீ. முன்னப்பின்ன இருந்தா சண்டைக்கு வராதீங்க.

பி.கு. 2: யாழ்ப்பாணம் போறவங்க டிக்கெட் எடுக்குறதுக்கு முன்னாடி எந்த விமானம் எந்த நாள் ஓடுதுன்னு ஒரு தடவை பார்த்துக்கங்க. இந்த வழியோட சரித்திரம் அப்படி. ஓடுறப்பவே போயிட்டு வந்துடுங்க.